தரையை வாருங்கள், கரையை விடுங்கள்

ஆறு, வாய்க்கால் தூர்வாரும் வேலையைப் பார்க்கும் பொறியாளர்களுக்கும், அதை எடுத்துச் செய்யும் ஒப்பந்தக்காரர்களுக்கும், பொக்லைன் ஓட்டும் தம்பிகளுக்கும்,

வணக்கம். வெண்ணாறு மூன்றாகப் பிரியும் நீடாமங்கலம் மூணாறு தலைப்புக்குக் கீழே, பாமணியாற்றுப் பாசனத்தில் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர் நிலம் வைத்திருப்பவன் நான். மேட்டூரை மூடியாயிற்று, வாய்க்காலில் தண்ணீர் வடிந்துகொண்டிருக்கிறது. இன்னும் கொஞ்ச நாளில் நீங்கள் அளவு எடுக்க வருவீர்கள். அதற்கு முன்னால் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

தூர்வாராதீர்கள் என்று கேட்க வரவில்லை. ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் அடைத்துக்கொண்டால் கடைமடைக்குத் தண்ணீர் எப்படிப் போகும்? ஐப்பசி மழை வடிய வழியில்லாமல் நின்று என் தாளடி நாற்று அழுகியதும் உண்டு. ஆகவே வாருங்கள், நன்றாக வாருங்கள். (இரண்டு அர்த்தத்திலும்தான் சொல்கிறேன்.) எங்கே வாருகிறீர்கள், எப்போது வாருகிறீர்கள் என்பதில்தான் எனக்குக் குறை.

போன வைகாசியில் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் வாய்க்காலின் கீழ்க்கரை ஓரிடத்தில் ஆள் உயரத்துக்குச் செங்குத்தாக நிற்கும். அதில் எலுமிச்சம்பழம் நுழையும் அளவில் வரிசையாக ஓட்டைகள். பாம்புப் பொந்து என்று எங்கள் பையன்கள் கிட்டே போக மாட்டார்கள். பாம்பு இல்லை, பஞ்சுருட்டான் வளை. பச்சை உடம்பு, வால் நடுவில் கம்பி மாதிரி நீண்ட இறகு. கரண்டு கம்பியில் உட்கார்ந்திருந்து தட்டானையும் தேனீயையும் பறந்து பிடித்து, கம்பியில் அடித்து அடித்துத் தின்னுமே, அதுதான். அந்தச் சின்ன அலகால் கரைக்குள் ஒரு கெஜத்துக்கு மேலும் தோண்டிவிடும். கடைசியில் கொஞ்சம் அகலமாக ஓர் அறை. புல், பஞ்சு எதுவும் கிடையாது, வெறும் மண்ணில் முட்டை. பங்குனியிலிருந்து ஆனி வரை அதற்குப் பிள்ளைப்பேறு காலம். நாலு எட்டு தள்ளி வெண்மார்பு மீன்கொத்தியின் வளை ஒன்றும் இருந்தது. பேர்தான் மீன்கொத்தி, வயல் நண்டு, வெட்டுக்கிளி, தவளை, சுண்டெலி என்று எல்லாவற்றையும் தின்னும். என் வயலுக்குச் சம்பளம் வாங்காத ஆள்.

அன்று காலை பத்து மணிக்கு நான் போனபோது கரையை மேலிருந்து கீழே வழித்து, பூசிய சுவர் மாதிரி ஆக்கியிருந்தார்கள். கம்பியில் ஐந்தாறு பஞ்சுருட்டான்கள், வாயில் தட்டானோடு. ஒன்று கிளம்பிக் கரை வரை வரும். வளை இருந்த இடத்துக்கு நேரே காற்றில் சிறகடித்து நிற்கும். திரும்பக் கம்பிக்குப் போகும். அப்புறம் மறுபடியும் வரும். சாயங்காலம் மாட்டை ஓட்டிவரப் போனபோதும் அதையேதான் செய்துகொண்டிருந்தன.

வண்டி ஓட்டிய தம்பி இறங்கிவந்து பார்த்தார். "இதுல குஞ்சு இருக்குன்னு யாரும் சொல்லலியேண்ணே" என்றார். உண்மைதான், யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இத்தனை அகலம், இத்தனை ஆழம், இத்தனை நாள் என்று அவருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் குருவி இல்லை. மிச்சமிருந்த இருபதடிக் கரையைத் தொடாமல் வண்டியை அவராகவே தள்ளிக்கொண்டு போனார். அதை இங்கே சொல்லாமல் விட்டால் தப்பு.

அதே வாரம் மதகுக்குப் பக்கத்தில் அள்ளிய சேற்றோடு ஓர் ஆமை வந்து விழுந்தது. தண்ணீர் வற்றினால் சேற்றுக்குள் புதைந்துகொண்டு, அடுத்த தண்ணீர் வரும்வரை பொறுத்துக் கிடக்கும் ஜாதி அது. விராலும் ஈரச் சேற்றில் அப்படிக் கிடக்கும். வாளிக்கு எது சேறு, எது ஆமை என்று தெரியுமா? ஓடு உடையாமல் தப்பியதால் கோயில் குளத்தில் கொண்டுபோய் விட்டோம். அதற்குள் இரண்டு பேர் விலை கேட்டுவிட்டார்கள். 1972 வனவிலங்குச் சட்டத்தைச் சொல்லி மிரட்ட வேண்டியிருந்தது.

பக்கத்தில்தான் வடுவூர் ஏரி, பறவைகள் சரணாலயம். 2022-இல் அந்த ஏரிக்கு உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம் கிடைத்தது. மார்கழி, தையில் ஜனங்கள் வேன் வைத்துக்கொண்டு பறவை பார்க்கப் போகிறார்கள். சந்தோஷம். எங்கள் வாய்க்கால் கரைக்குப் பலகை கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது காலக்கணக்குக்கு வருகிறேன். ஜூன் 12 திறப்பு, ஜனவரி 28 மூடல் என்பது மேட்டூரின் வழக்கம். நடுவில் நாலரை மாதம் இருக்கிறது. ஆனால் எங்கள் பக்கம் வண்டி இறங்குவது சித்திரையில். மேட்டூர் தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நான்கு நாள் ஆகும். அந்த இடைவெளியிலும் ராத்திரி விளக்குப் போட்டு வாரியதைப் பார்த்திருக்கிறேன். மாசியிலேயே வாரினால் என்ன? அறுவடை முடியாமல் வண்டி எப்படி வரும் என்பீர்கள். சில இடத்தில் அது நியாயம். ஆனால் ஒரு வேடிக்கை கேளுங்கள். புதிதாக வெட்டிய செங்குத்துக் கரைதான் இந்தக் குருவிகளுக்கு வசதி. புல் இருக்காது, பிடித்து ஏற வேர் இருக்காது, கீரிக்கும் பாம்புக்கும் கஷ்டம். நீங்கள் மாசிக்குள் வெட்டிவிட்டுப் போனால் பங்குனியில் அவை வந்து நீங்கள் வெட்டிய கரையிலேயே குடியேறும். அதே வண்டி, அதே பணம்.

சிமென்ட் கரையைப் பற்றித் தனியாகவே சண்டை போடலாம். நண்டு வளையில் கசிந்த கரையை ராத்திரியில் டார்ச்சோடு போய்ச் சேறு வைத்து அடைத்தவன்தான் நானும். கடைமடைக்காரர்கள் ஏன் கேட்கிறார்கள் என்று புரிகிறது. மதகிலும் தண்ணீர் அரிக்கும் வளைவிலும் கட்டுங்கள். இரண்டு கரையையும் மைல் கணக்கில் பூசிவிட்டால் குருவி தோண்ட மண் இல்லை, தவறி விழுந்த கன்றுக்குட்டி ஏறவும் வழி இல்லை.

மாசியில் முடியாது என்றால், தரையை மட்டும் வாருங்கள். கரையைத் தொட்டே ஆக வேண்டுமா, இந்த வருடம் ஒரு கரை, அடுத்த வருடம் மறு கரை. காட்டாமணக்கை வேரோடு பிடுங்குங்கள். நாணலை விடுங்கள், கரையைப் பிடித்துக்கொண்டிருப்பது அதுதான். வாரிய மண்ணை விளிம்பிலேயே குவிக்காதீர்கள், முதல் மழைக்கே உள்ளே சரிந்துவிடும். வளை பார்க்க நிபுணர் வேண்டாம். வாய்க்கால் தண்ணீரைத் திறந்து அடைக்கும் நீர்க்கட்டிக்குத் தெரியும், ஆடு மேய்க்கிற அக்காவுக்குத் தெரியும். ஓட்டையின் அடிவிளிம்பில் இரண்டு பக்கமும் காலால் தேய்த்த கோடு புதிதாகத் தெரிந்தால், உள்ளே குடித்தனம் நடக்கிறது என்று அர்த்தம்.

எங்கள் வாய்க்காலில் வண்டி இறங்கும் தேதியை மட்டும் இரண்டு நாள் முன்னால் நீர்க்கட்டியிடம் சொல்லி அனுப்புங்கள். வளை இருக்கும் இடத்தின் இரண்டு முனையிலும் மூங்கில் நட்டுச் சிவப்புத் துணி கட்டிவைக்கிறோம். முதல் துணி வந்ததும் வாளியைத் தூக்கி, அடுத்த துணி தாண்டி இறக்கினால் போதும். அன்றைக்கு டீயும் வடையும் எங்கள் செலவு.

இப்படிக்கு,
ஒரு பாமணியாற்றுப் பாசனக்காரன்