ஆச்சிக்காக வந்தவர்களுக்கு நன்றி

எங்கள் திருகோணமலைக் காப்பகத்துக் கிழட்டுப் பூனை ஆச்சி போய்விட்டாள் என்பது உங்களுக்குத் தெரியும். கடைசி வாரங்களில் அவள் பட்ட பாடும் தெரியும். அதைத் திரும்ப எழுத எனக்கு இப்போது தெம்பில்லை. நன்றியை மட்டும் சொல்லிவிடுகிறேன், ஆறப்போட்டால் சொல்லாமலே போய்விடும்.

முதலில் மீன்கார அண்ணைக்கு. திருக்கடலூரிலிருந்து சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு வருபவர். எங்கள் ஒழுங்கையில் அவர் ஹோன் அடித்தாலே காப்பகத்துப் பூனைகள் எல்லாம் மதிலில் ஏறிவிடும். "பூனை கலைக்கிறதுதான் பிள்ளை என்ர பாதி வேலை" என்பார். எங்களோடு அவருக்குப் பெரிய வாரப்பாடு இருந்ததில்லை. அந்த மனிதர், ஆச்சி சாப்பாட்டை விட்டுவிட்டாள் என்று கேள்விப்பட்டதும் சைக்கிளை நிறுத்திவிட்டு, "பல்லு இருக்கோ?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

அடுத்த நாள் காலை வாழையிலையில் ஒரு பொட்டலம். பாரை மீன், உப்பு மஞ்சள் எதுவும் போடாமல் அவித்து, முள் எடுத்தது. கொடுத்துவிட்டுப் போகவில்லை. பொட்டலத்தைப் பிரித்து ஒவ்வொரு துண்டாகப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் நசித்துப் பார்த்தார். மயிர் போல ஒரு முள் அகப்பட்டது. அதைச் சாரத்தில் துடைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். வயதான பூனைக்கு மணம் சரியாகப் பிடிபடாது, மணம் தெரியாவிட்டால் வாய் வைக்காது, அதனால் இளஞ்சூட்டில் கொடுக்க வேணும் என்று சும்மா பேச்சுக்குச் சொன்னேன். அப்புறம் வந்த பொட்டலம் எல்லாம் தேத்தண்ணிக் கடையில் சூடுகாட்டி வந்தவை.

மாரிக் கடல். போட் இறங்காத நாட்கள், மீன் விற்ற விலை உங்களுக்கே தெரியும். அப்போதும் உள்துறைமுகப் பக்கம் வலை போட்டவர்களிடம் கேட்டு ஒரு துண்டாவது கொண்டு வந்தார். காசை நீட்டினால், "கிழவிக்குச் சோறு போட்டதுக்குக் காசோ?" என்று கோபம் வரும். அவள் இரண்டு வாய் சாப்பிடுவதைக் கேற்றுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுத்தான் போவார். அண்ணை, உங்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

வேலை முடிந்த பிறகும் வந்து தோலுக்கடியில் சேலைன் ஏற்றிய மிருக வைத்தியர், மழைக்குள் மறுக்காமல் ஓடிய ஆட்டோத் தம்பிமார், கம்பளி தந்த ஆசிரியை, வெளிநாட்டிலிருந்து பெயர் சொல்லாமல் பணம் அனுப்பியவர்கள், எல்லாருக்கும் நன்றி. பனடோல் கொண்டு ஓடி வந்த அக்காவுக்கும்தான். அதைக் கொடுக்கவில்லை அக்கா. பூனைக்கு ஒரு குளிசையே உயிரை எடுத்துவிடும், மற்றவர்களுக்கும் சொல்லுங்கள்.

அவளை ஏன் யாரும் கொண்டு போகவில்லை என்று சிலர் கேட்டிருந்தீர்கள். வருகிறவர்கள் கடுவன் குட்டிதான் கேட்பார்கள். ஆச்சி மூன்று நிறக்காரி. அந்த நிறத்தில் பிறப்பது அநேகமாக எல்லாம் பெட்டைதான். ஒப்பரேஷன் செய்தாயிற்று, இனிக் குட்டி போடாது என்று எத்தனையோ பேரிடம் சொன்னோம். முதலில் பெட்டை என்றார்கள், பிறகு கிழடு என்றார்கள். கோணேசர் கோவிலுக்குப் போகிற வழியில் கோட்டை மான்களுக்கு வாழைப்பழம் நீட்டுகிற பிள்ளைகள் இங்கே வந்தாலும் குட்டிகளைத்தான் தூக்குவார்கள். பிள்ளைகளில் பிழையில்லை. கிழடுகளை நாங்கள் பின்கூட்டில் வைத்தால் அவர்கள் எப்படிக் காண்பார்கள்?

இனி இங்கே முன்கூடு கிழடுகளுக்குத்தான். யார் கேட்டாலும் முதலில் அவர்களைக் காட்டுவோம்.

ஆச்சிக்கு வாங்கிய சேலைனில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. வயதான பூனைகளுக்கு அதிகம் வருவது சிறுநீரக நோய், பெரும்பகுதி பழுதான பிறகுதான் வெளியே தெரியும். உங்கள் வீட்டுப் பூனை வழக்கத்தை விட அதிகம் தண்ணீர் குடித்து மெலிந்துகொண்டு போனால், வைத்தியரிடம் காட்டி இரத்தம் சோதித்துப் பாருங்கள். சேலைன் தேவை என்று அவர் சொன்னால் எங்களிடம் வந்து எடுத்துக்கொண்டு போகலாம், காசு வேண்டாம்.