பெயர்ப் பலகை ஒருவருடையது, கட்டடம் இன்னொருவருடையது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாஜ் ஓட்டல்களின் வளர்ச்சி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் ஜாம்ஷெட்ஜி டாட்டா இருக்கிறார், அரண்மனைகள் இருக்கின்றன, முடிகிற இடத்தில் ஓட்டல்களின் எண்ணிக்கையும் இருக்கிறது. அந்த எண்ணிக்கைதான் இடிக்கிறது. அத்தனையும் தாஜை நடத்தும் இந்தியன் ஓட்டல்ஸ் கம்பெனியின் சொத்து என்றே படிப்பவர் நினைப்பார். சொந்தக் கட்டடம், குத்தகை, உரிமம் (நடத்தும் உரிமைக்குப் பணம் கட்டுவது), வெறும் நிர்வாகம் (பிறர் கட்டடத்தைக் கட்டணம் வாங்கிக்கொண்டு நடத்துவது) என்று நான்கு வகை உண்டு. எது எந்த வகை என்று தெரியாமல் இந்தக் கம்பெனியின் கதையைப் புரிந்துகொள்ள முடியாது.

அதற்கு முன் இரண்டு கட்டுக்கதைகள். மும்பையில் ஐரோப்பியருக்கு மட்டுமாக இருந்த வாட்சன் ஓட்டலில் இடம் மறுத்ததால் ரோஷப்பட்டு டாட்டா அங்கே தாஜைக் கட்டினார் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. வரலாறு எழுதுபவர்கள் பலர் அதை நம்புவதில்லை. கட்டடத்தைத் தவறுதலாகத் திருப்பிக் கட்டிவிட்டார்கள் என்பது இன்னும் மோசம். பழைய முகப்பு ஊர்ப்பக்கம் இருந்தது, குதிரை வண்டிகள் அந்த வழியாக வந்தன. துறைமுகக் காற்று அறைகளுக்குக் கிடைக்க வேண்டும் என்றுதான் அப்படிப் போட்ட வரைபடம். எதிரே நிற்கும் கேட்வே ஆஃப் இந்தியா 1924-ல்தான் முடிந்தது. ஓட்டல் 1903 டிசம்பர் 16-லேயே திறந்துவிட்டது. இன்றைய படத்தைப் பார்த்துவிட்டு அன்றைய வாசலைத் தேடினால் இப்படித்தான் ஆகும்.

1902-ல் தொடங்கிய இந்தியன் ஓட்டல்ஸ் கம்பெனி ஏறக்குறைய எழுபது ஆண்டு பெரும்பாலும் அந்த மும்பைக் கட்டடத்தை நம்பித்தான் ஓடியது. 1971-ல் உதயப்பூர் லேக் பேலஸ், 1972-ல் ஜெய்ப்பூர் ராம்பாக் என்று திடீரென்று அரண்மனைகள் வந்ததற்குக் காரணம் கட்டுரையில் இல்லை. மன்னர் மானியம் 1971-ல் ஒழிந்தது. அரச குடும்பங்களின் கையில் மாளிகை இருந்தது, பராமரிக்கப் பணம் இல்லை. ராம்பாக் 1957-லேயே ஓட்டலாகியிருந்தது; ஆக்கியது ஜெய்ப்பூர் அரச குடும்பம், தாஜ் அல்ல. தாஜ் கொண்டுவந்தது நடத்தும் திறமையை. மனைக்கும் சுவருக்கும் பணம் போடாமல் பெயரைப் பரப்பலாம் என்று அந்தக் கம்பெனி கற்றுக்கொண்டது இங்கேதான்.

அரண்மனையை ஓட்டலாக நடத்துவது எளிதும் அல்ல. இரண்டடிச் சுவருக்குள் குழாய் போக வழி வைத்து அந்தக் காலத்தில் யாரும் கட்டவில்லை. ஏ.சி. குழாயை மறைக்கப் பொய்க்கூரை போட்டால் ஓவியம் போட்ட விதானம் மறைந்துவிடும். சுண்ணாம்புப் பூச்சின் மேல் சிமென்ட் பூசிவிட்டால் உள்ளே ஏறிய ஈரம் வெளியேற வழியின்றி உப்புப் பூத்து, சில ஆண்டுகளில் பூச்சு பாளம் பாளமாக உதிரும். ஓர் அறை போல இன்னொன்று இருக்காது என்பதால் ‘இந்த வகை அறை முப்பது’ என்று விற்கவும் முடியாது. ஏரி நடுவே நிற்கும் லேக் பேலஸுக்குத் துணிமூட்டை முதல் காய்கறி வரை படகில்தான் போக வேண்டும். அந்தப் பிச்சோலா ஏரி வற்றிப்போன ஆண்டுகளும் உண்டு.

நம் சென்னையிலேயே இரண்டு வகையைப் பார்க்கலாம். நுங்கம்பாக்கம் தாஜ் கோரமண்டல் 1974-ல் வந்தது. அதன் உரிமையாளர் ஓரியண்டல் ஓட்டல்ஸ் என்ற, பங்குச் சந்தையில் தனியாகப் பட்டியலிட்ட கம்பெனி. இந்தியன் ஓட்டல்ஸ் அதில் பங்குதாரர். சென்னையை அடுத்த கோவளத்தின் பிஷர்மேன்ஸ் கோவும் மதுரைப் பசுமலை ஓட்டலும் அந்தக் கம்பெனிக் கணக்கில்தான் வரும். கன்னிமாரா ஓட்டல் வேறு வகை. 1854-ல் இம்பீரியல் என்று தொடங்கி, அல்பனி ஆகி, 1890-ல் ஆளுநர் கன்னிமாராவின் பெயரைப் பெற்று, ஸ்பென்சர் கம்பெனியின் சொத்தாக வளர்ந்தது. ஊட்டி சவாய், பெங்களூர் வெஸ்ட் எண்ட் ஆகியவற்றோடு சேர்த்து 1984-ல் உரிம அடிப்படையில் தாஜ் எடுத்துக்கொண்டது. நடுவில் சில ஆண்டுகள், அதே கம்பெனியின் இன்னொரு பெயரான ‘விவாந்தா’ பலகை தொங்கியது. 2018-ல் புதுப்பித்துத் திறந்தபோது தாஜ் என்ற பெயர் திரும்பியது.

நிர்வாக ஒப்பந்தத்தில் யாருக்கு என்ன கிடைக்கும் என்பதைக் கற்பனைக் கணக்கு ஒன்றில் காட்டலாம். 200 அறை, ஆண்டு வருவாய் 100 கோடி ரூபாய், சம்பளம், மின்சாரம், சமையல் பொருள் எல்லாம் போக நடப்பு லாபம் 40 கோடி என்று வைத்துக்கொள்வோம். நடத்தும் கம்பெனிக்கு வருவாயில் 3 சதவீதம் அடிப்படைக் கட்டணம், அதாவது 3 கோடி. நடப்பு லாபத்தில் 8 சதவீதம் ஊக்கத்தொகை, 3.2 கோடி. மெத்தை, கம்பளம், லிப்ட் மாற்றுவதற்கென்று வருவாயில் 4 சதவீதம், 4 கோடி, தனிக் கணக்கில் ஒதுக்க வேண்டும். கட்டட உரிமையாளர் கையில் நிற்பது 29.8 கோடி. 150 கோடிக் கடனுக்குப் பத்து சதவீத வட்டி கட்டினால் மிச்சம் 14.8 கோடி.

மந்தமான ஆண்டில் வருவாய் 60 கோடிக்கு இறங்கினால் லாபம் அதே விகிதத்தில் இறங்காது. பாதி அறை காலியாக இருந்தாலும் வரவேற்பு மேஜையில் ஆள் நிற்க வேண்டும், குளிரூட்டும் இயந்திரம் ஓட வேண்டும். லாபம் 15 கோடிக்கு விழுகிறது என்று கொண்டால், கட்டணம் 1.8 கோடி, ஊக்கத்தொகை 1.2 கோடி, ஒதுக்கீடு 2.4 கோடி போக 9.6 கோடி நிற்கும். வட்டி அதே 15 கோடி. நடத்துகிற கம்பெனிக்கு அப்போதும் 3 கோடி வரவு வரும், கட்டடக்காரருக்கு 5.4 கோடி துண்டு விழும். முதலில் அவர் கை வைப்பது அந்த நாலு சதவீத ஒதுக்கீட்டில்தான். மூன்றாம் ஆண்டு கம்பளம் நைந்து தெரியும், ஐந்தாம் ஆண்டு வெந்நீர் வர நேரமாகும். விருந்தாளி திட்டுவது பலகையில் இருக்கும் பெயரை.

சொந்தமாக வாங்கினால் வேறு வகை வலி. இந்தியன் ஓட்டல்ஸ் அமெரிக்காவின் பாஸ்டனில் 17 கோடி டாலருக்கு 2007-ல் வாங்கிய ஓட்டலை 2016-ல் 12.5 கோடி டாலருக்கு விற்றார்கள். ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் ஓட்டல்ஸ் என்ற வெளிநாட்டுக் கம்பெனியில் போட்ட முதலீடும் கையைக் கடித்தது. 2012–13 முதல் ஐந்து ஆண்டு, துணைக் கம்பெனிகளையும் சேர்த்த ஒருங்கிணைந்த கணக்கில் தொடர்ந்து நட்டம். 2017–18-ல்தான் லாபம் திரும்பியது. அதன் பிறகு நிர்வாக ஒப்பந்தங்களின் பங்கைக் கூட்டியதை உங்கள் கட்டுரை ‘அசுர வளர்ச்சி’ என்கிறது. சூடு கண்ட பூனையின் நிதானம் என்பேன் நான்.

குத்தகையோ உரிமமோ, அதன் ஆபத்து அது முடிகிற நாளில் தெரியும். தில்லி தாஜ் மான்சிங் நிற்பது புது தில்லி நகராட்சியின் நிலத்தில். 1978-ல் திறந்த ஓட்டலுக்கு 33 ஆண்டு உரிமம் 2011-ல் முடிந்தது. பிறகு நீட்டிப்பு மேல் நீட்டிப்பு, நீதிமன்றம், கடைசியில் 2018 செப்டம்பரில் ஏலம். இன்னொரு ஓட்டல் கம்பெனியான ஐ.டி.சி.யோடு போட்டியிட்டு, மாதம் 7.03 கோடி ரூபாய்க்குத் தாஜ் தக்கவைத்தது. நாற்பது ஆண்டு தான் வளர்த்த பெயருக்காகத் தானே ஏலம் கேட்க வேண்டியிருந்தது.

இனி எண்ணிக்கை அச்சிடும்போது, திறந்து நடப்பவை எத்தனை, ஒப்பந்தம் மட்டும் கையெழுத்தானவை எத்தனை என்று பிரித்துப் போடுங்கள். செய்திக்குறிப்புகள் இரண்டையும் கூட்டித்தான் கொடுக்கும். ஆண்டறிக்கையில் ஓட்டல் வாரியாக விவரம் இருக்கும். அரை மணி நேர வேலை.

பலகை மாறினால் என்ன ஆகும் என்பதற்கு டி.டி.கே. சாலையில் ஒரு சாட்சி இருந்தது. அடையாறு கேட் ஓட்டல் நிறுவனத்தின் கட்டடம். 1981-ல் ஹாலிடே இன், பிறகு பார்க் ஷெரட்டன், கடைசியில் கிரவுன் பிளாசா. இப்படி ஒவ்வொரு முறை மாறும்போதும் தட்டு, கரண்டி, துவாலை, பொத்தான் வரை முத்திரை மாற்ற வேண்டும். பழைய கம்பெனி அனுப்பிய பொது மேலாளர் கிளம்புவார், கட்டடக்காரரின் சம்பளப் பட்டியலில் இருக்கும் பணியாளர்கள் புதுச் சீருடையில் அதே வாசலில் நிற்பார்கள். கிரவுன் பிளாசா என்று எழுதிய பிறகும் ஊரார் வாயில் அது பார்க் ஷெரட்டன்தான். 2023 டிசம்பரில் மூடினார்கள். ஹாலிடே இன், ஷெரட்டன், கிரவுன் பிளாசா என்ற பெயர்கள் இன்று வேறு ஊர்களில் வேறு கட்டடங்களில் தொங்குகின்றன.

இப்படிக்கு,
வாசகர், சென்னை