'பௌஹவுஸ்' என்று சீட்டு ஒட்டுகிறவர்களுக்கு

எழுத்துரு அங்காடிகளை நடத்துகிறவர்களுக்கும், அங்கே ஒவ்வொன்றுக்கும் குறிச்சொல் எழுதிப் போடுகிறவர்களுக்கும்,

வணக்கம். நான் புத்தக அட்டை வடிவமைக்கிறவன். உங்கள் கடைகளுக்குள் வாரம் ஒருமுறையாவது நுழைந்துவிடுகிறேன். பாதி நாள் வாங்குவதற்கு, மீதி நாள் நகைக்கடைக்குள் வேடிக்கை பார்க்கப் போகிறவர்களைப் போல.

சென்ற மாதம் மொழிபெயர்ப்பு நூல் ஒன்றுக்கு அட்டை போடும் வேலை வந்தது. 1920களின் டச்சுக் கட்டடக் கலை பற்றிய நூல். தலைப்பு தமிழில்தான். ஆனால் அந்தக் காலத்து எழுத்து எப்படிக் கட்டப்பட்டது என்பதற்கு நல்ல மாதிரி ஒன்று கண்முன் இருந்தால்தான், அதே முறையில் தமிழை வரைந்து பார்க்க முடியும். ஒரு கடையின் தேடல் பெட்டியில் 'டி ஸ்டைல்' என்று தட்டினேன். முதலில் வந்தது பலூன் ஊதியது போல உருண்டையான எழுத்து. டிஸ்கோ இசைத்தட்டின் உறையில் இருக்க வேண்டியது. அடுத்தது நியான் விளக்கு. மூன்றாவதற்கு 'பௌஹவுஸ், டி ஸ்டைல், ஆர்ட் டெகோ, ரெட்ரோ' என்று நான்கு சீட்டுகளையும் சேர்த்தே ஒட்டியிருந்தீர்கள். சீரகம், சோம்பு, ஓமம் மூன்றையும் ஒரே டப்பாவில் கொட்டி 'விதை' என்று எழுதி வைத்தால் சமையல்காரர் என்ன செய்வார்?

டி ஸ்டைல் என்பது 1917இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் தொடங்கிய இதழின் பெயர். அதைச் சுற்றிச் சேர்ந்த கலைஞர்களுக்கும் அந்தப் பெயரே நின்றுவிட்டது. இதழின் முதல் தலைப்பெழுத்தை அமைத்தவர் வில்மோஷ் ஹூசார். செங்கற்களை இடைவெளி விட்டு அடுக்கியது போல, சின்னச் சின்னச் செவ்வகத் துண்டுகளால் ஆன எழுத்துகள் அவை. இதழை நடத்திய தியோ வான் டூஸ்பர்க் 1919இல் ஒரு முழு எழுத்து வரிசையையே வரைந்தார். ஒரு சதுரம், அதற்குள் ஐந்துக்கு ஐந்தாக 25 கட்டங்கள், படுகோடும் நெடுங்கோடும் மட்டும். ஆங்கில 'ஓ' கூட அதில் சதுரம்தான். வரியை நிரப்ப வேண்டிய இடத்தில் எழுத்தை அகலமாக இழுத்துக்கொள்ளவும் அவர் தயங்கவில்லை. பின்னாளில் அவர் ஓவியத்தில் சாய்கோட்டைக் கொண்டுவந்ததுதான் அதே குழுவின் ஓவியரான மோந்திரியானோடு அவருக்கு ஏற்பட்ட மனக்கசப்புக்கு ஒரு காரணம் என்பார்கள். ஒரு சாய்கோட்டுக்கே நட்பு ஆட்டம் கண்ட கூட்டம் அது. நீங்கள் அதன் பெயரில் பலூன் விற்கிறீர்கள்.

பௌஹவுஸ் விஷயம் இதைவிடக் குழப்பம். 1919இல் ஜெர்மனியின் வைமாரில் தொடங்கி, 1925இல் டெஸ்ஸாவுக்கு மாறி, 1933இல் பெர்லினில் மூடப்பட்ட கலை, வடிவமைப்புப் பள்ளி அது. அந்த 14 ஆண்டுகளில் அங்கே ஒரே ஒரு 'பௌஹவுஸ் எழுத்து' இருந்ததே இல்லை. யோசப் ஆல்பர்ஸ் சதுரம், அதைக் குறுக்கே வெட்டிய முக்கோணம், கால் வட்டம் ஆகிய மூன்றே வடிவங்களைக் கொண்டு ஸ்டென்சில் எழுத்தை (வெட்டிய தகட்டின் வழியாக மை பூசும் வகை) உருவாக்கினார். யோஸ்ட் ஷ்மிட்டின் எழுத்து வேறு ரகம். நீங்கள் மனத்தில் வைத்திருப்பது ஹெர்பர்ட் பையர் வரைந்த 'யூனிவர்சல்' எழுத்து என்று நினைக்கிறேன். 1925இல் தொடங்கிய வேலை. வட்டத்தின் துண்டுகள், நேர்கோடுகள், எல்லாம் சின்ன எழுத்து; பெரிய எழுத்தே கிடையாது. உலோக அச்சாக அது வார்க்கப்படவும் இல்லை.

பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமே இல்லாத மொழிக்காரன் நான். இதில் அப்படி என்ன புரட்சி என்று முதலில் எனக்குப் பிடிபடவில்லை. ஜெர்மனில் பெயர்ச்சொல் ஒவ்வொன்றும் பெரிய எழுத்தில்தான் தொடங்க வேண்டும் என்று தெரிந்த பிறகுதான் விளங்கியது. ஒரு பக்கத்தில் எத்தனை பெயர்ச்சொற்கள் வரும், எண்ணிப் பாருங்கள். அத்தனையையும் சின்னதாக்குகிறேன் என்றால் இலக்கணத்தோடு நேருக்கு நேர் சண்டை. எல்லாவற்றையும் சின்ன எழுத்தில் எழுதுகிறோம், நேரம் மிச்சம் என்று பள்ளியின் கடிதத்தாளின் அடியிலேயே அச்சிட்டார்கள்.

சரி, இப்போது உங்கள் அலமாரிக்கு வருவோம். ஐடிசி என்ற எழுத்துரு நிறுவனத்தின் 'ஐடிசி பௌஹவுஸ்' 1975இல் எட் பெங்கியாட், விக்டர் கரூசோ இருவரும் உருவாக்கியது. நல்ல எழுத்துரு, அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் அதில் பெரிய எழுத்துகள் இருக்கின்றன. எந்தச் சண்டைக்காக அந்த வடிவம் பிறந்ததோ அதையே விட்டுவிட்டு உருண்டையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அப்புறம் மைக்ரோசாஃப்ட் ஆபீஸோடு வந்த 'பௌஹவுஸ் 93'. ஐஸ்கிரீம் கடை, ஜிம், டியூஷன் சென்டர் எல்லாவற்றின் பலகையிலும் அதைப் பார்த்துவிட்டேன். (ஒரு வேடிக்கை: டெஸ்ஸாவில் பள்ளிக் கட்டடத்தின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக நிற்கும் பெயர் முழுக்கப் பெரிய எழுத்தில் இருக்கிறது. அதுவும் பையர் செய்ததுதான். ஆகவே அவர்களும் சொன்னபடியே நடந்துவிடவில்லை.)

'ஃபியூச்சுரா'வுக்கும் நீங்கள் அதே சீட்டை ஒட்டுகிறீர்கள். அதை வரைந்த பால் ரென்னர் பௌஹவுஸில் பணியாற்றியவர் அல்ல. ஃப்ராங்ஃபர்ட்டின் பௌவர் எழுத்து வார்ப்பகம் 1927இல் அதை வெளியிட்டது. ரென்னரின் ஆரம்ப வரைவுகளில் சின்ன 'ஆர்' ஒரு குச்சியும் பக்கத்தில் ஒரு புள்ளியும்தான். அப்படிப்பட்ட விசித்திரங்களில் பெரும்பாலானவை வழக்கமான வடிவங்களுக்கு இடம்விட்டன. அதோடு போகவில்லை. காம்பஸ் வைத்து வரைந்தது போலத் தெரிகிற அந்த எழுத்துகளில், வளைவு வந்து தண்டோடு சேருகிற இடத்தில் கோடு மெலிந்திருக்கும். அந்த மெலிவு ஏன் என்று அறிய நானே ஒரு முறை சின்ன 'என்' எழுத்தைச் சுத்தமாக வட்டத்தையும் கோட்டையும் ஒட்டி வரைந்து பார்த்தேன். சேருகிற மூலையில் மை கொட்டியது போலக் கறுப்புத் திட்டு விழுந்தது. அதனால் விவரக் குறிப்பில் 'தூய வடிவியல்' என்று நீங்கள் எழுதும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. அந்த எழுத்துரு கண்ணுக்கு நன்றாக இருப்பதற்குக் காரணமே தூய்மையை ஆங்காங்கே விட்டுக்கொடுத்ததுதான்.

ரஷ்யக் கட்டமைப்புவாதம் (அதே காலத்து ரஷ்யக் கலை இயக்கம்) என்ற பெயரில் வருகிறவற்றைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. ரஷ்ய மொழியின் 'யா' எழுத்து, ஆங்கில 'ஆர்' திரும்பி நிற்பது போலிருக்கும் என்பதற்காக அதை 'ஆர்' இருக்கும் இடத்தில் எல்லாம் செருகிவிடுகிறார்கள். ரஷ்ய மொழி தெரிந்தவருக்கு அது உளறல். அந்த இயக்கத்தின் ரோட்சென்கோ வரைந்த சுவரொட்டிகளில் இருப்பது அந்தந்தச் சுவரொட்டிக்கென்றே வரைந்த எழுத்து. இதையாவது ஒரு வரி எழுதுங்கள்.

எனக்கு உண்மையிலேயே வருத்தமானது வேறு. ஜெர்மனியின் ஹனோவரில் குர்ட் ஷ்விட்டர்ஸ் என்ற கலைஞர் 1927இல் ஓர் எழுத்து முறை செய்தார். உயிரெழுத்துகள் தடித்தும் உருண்டும், மெய்யெழுத்துகள் மெலிந்தும் கோணம் கோணமாகவும் இருக்கும். பார்த்ததும் ஒலி தெரிய வேண்டும் என்பது எண்ணம். உயிர், மெய் என்று ஒன்றாம் வகுப்பிலேயே பிரித்துப் படித்த எவருக்கும் இது ஒரு நொடியில் புரியும். அதன் டிஜிட்டல் வடிவத்தை ஒரு கடையில் 'அலங்காரம், எதிர்காலம்' என்ற சீட்டுகளுக்குக் கீழே கண்டேன். உயிர் மெய் பற்றி ஒரு சொல் இல்லை. பார்க்கிறவர் எழுத்துகள் ஏதோ ஒழுங்கில்லாமல் தடித்து மெலிந்திருக்கின்றன என்றுதான் நினைப்பார்.

நன்றாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். 2018இல் அடோபி நிறுவனமும் டெஸ்ஸா பௌஹவுஸ் அறக்கட்டளையும் சேர்ந்து, எழுத்துரு வடிவமைப்பாளர் எரிக் ஸ்பீக்கர்மன் வழிகாட்ட, பழைய வரைவுத் துண்டுகளிலிருந்து மாணவர்களைக் கொண்டு எழுத்துருக்கள் செய்வித்தார்கள். யோஸ்ட் ஷ்மிட்டின் துண்டிலிருந்து வந்ததற்கு 'யோஷ்மி' என்று பெயர்; ஸாந்தி ஷவின்ஸ்கியின் துண்டிலிருந்து வந்தது 'ஸாந்த்ஸ்'. மூலக்காரர் பெயருக்குள்ளேயே இருக்கிறார். கிடைத்தது துண்டுதான், மீதியை இன்றைய மாணவர் நிரப்பினார் என்பதையும் மறைக்கவில்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். எந்த எழுத்துருவுக்கும் இரண்டில் ஒரு சொல் போடுங்கள்: 'அசலிலிருந்து' அல்லது 'சாயலில்'. அசலிலிருந்து என்றால் யார் வரைந்தது, எந்த ஆண்டு, எத்தனை எழுத்துகள் கிடைத்தன, மீதியை நிரப்பியவர் யார் என்று நான்கு வரி. சாயலில் என்றால் எதன் சாயல் என்று ஒரு வரி. வாடிக்கையாளர் 'பௌஹவுஸ்' என்றுதானே தேடுகிறார் என்பீர்கள். தேடட்டும், வரட்டும், வந்த இடத்தில் அந்த வரிகள் இருந்தால் போதும்.

என் அட்டை என்னவாயிற்று என்றால், கடைசியில் கிராஃப் தாளில் நானே ஐந்துக்கு ஐந்து கட்டம் போட்டு உட்கார்ந்தேன். தலைப்பில் 'கட்டடம்' என்ற சொல் இருந்தது என் அதிர்ஷ்டம். 'ட' மூன்று முறை வருகிறது, மூன்றும் கட்டத்துக்குள் தானாகப் போய் உட்கார்ந்துகொண்டன. கூடவே 'வண்ணம்' இருந்தது. 'ண'வின் சுழிகள் ஐந்து கட்டத்துக்குள் அடங்கவே இல்லை. டூஸ்பர்க்கே இழுத்திருக்கிறாரே என்ற தைரியத்தில் எட்டு கட்டம் கொடுத்தேன். அட்டை அச்சுக்குப் போய்விட்டது.

அந்தப் பலூன் எழுத்துருவின் மேலிருக்கும் 'டி ஸ்டைல்' சீட்டை மட்டுமாவது இந்த வாரமே எடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாடிக்கையாளன்