பழைய பலகையை எரித்துவிடாதே

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ பழுது பார்க்க எடுத்திருக்கிற பழைய மரப்படகின் படங்களை எல்லாம் பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். அணியத்துக்கு, அதாவது முன்முனைக்குக் கீழே மூன்றாவது பலகையில் சாயம் கொப்புளித்திருக்கிற இடத்தை மட்டும் பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். நல்ல படகு, பாப்பா. கட்டியவர் கை தெரிந்தவர். அந்த வளைவைப் பார்த்தாலே தெரிகிறது.

'இந்த வாரக் கடைசியில் மக்கிப்போன பலகை எல்லாவற்றையும் கழற்றி எரித்துவிட்டு, சுத்தமாக ஆரம்பிக்கப் போகிறேன்' என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டுத்தான் உடனே எழுத உட்கார்ந்தேன். கழற்றாதே. எரிக்கவும் எரிக்காதே.

படகின் வடிவத்தை, உள்ளே விலா எலும்பு மாதிரி வளைந்து நிற்கிற சட்டங்களான வங்குகள்தான் பிடித்து நிற்கின்றன என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பழைய படகில் அது பாதி உண்மைதான். வங்குகளில் பல விரிசல் விட்டிருக்கும். ஆணி உள்ளே அரித்துப்போய்த் தலை மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு நிற்கிற பலகைகள்தான் மீதியைத் தாங்குகின்றன. என் முதல் படகு 18 அடி. ஒரு பக்கத்தில் 5 பலகைகளை ஒரே நாளில் கழற்றினேன். வேலை ஓடுகிறதே என்று அன்று அவ்வளவு சந்தோஷம். மறுநாள் காலை, பக்கத்துப் படகில் வேலை செய்துகொண்டிருந்த பெரியவர், நான் அகலம் அளந்து முடிச்சுப் போட்டு வைத்திருந்த நூலை எடுத்துவந்தார். இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்புக்கு இழுத்துப் பிடித்தார். முடிச்சு விளிம்பைத் தொடவில்லை, இரண்டு விரற்கடை உள்ளேயே நின்றது. ராத்திரியோடு ராத்திரியாகப் படகு அகன்றுவிட்டது. அவர் திட்டவில்லை. நூலை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்க் கயிறும் ஆப்பும் கொண்டுவந்தார். கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி இறுக்கி அதை உள்ளே கொண்டுவர நான்கு மாதம் ஆயிற்று. அப்போதும் முழுதாக வரவில்லை.

அதனால் முதலில் ஏராவுக்கு, அதாவது படகின் அடியில் முதுகெலும்பு மாதிரி ஓடுகிற கட்டைக்குக் கீழே நன்றாக முட்டுக் கொடு. மேலே, விளிம்புக்கு விளிம்பு மூன்று நான்கு இடத்தில் குறுக்குச் சட்டம் அடி. அப்புறம் ஒரு பலகையைக் கழற்று. அந்த இடத்தில் புதியது ஏறிய பிறகுதான் அடுத்தது. அந்த அடுத்ததும் பக்கத்துப் பலகையாக இருக்க வேண்டாம், ஒன்று இரண்டு தள்ளி எடு. வாரத்துக்கு ஒரு முறை நூல் பிடித்துப் பார்.

கழற்றியதை ஏன் எரிக்கக்கூடாது என்றால், அதுதான் உன் அளவுகோல். படகில் நேராக ஓடுவது போலத் தெரிகிற பலகையைத் தரையில் மல்லாத்திப் போட்டுப் பார், வில் மாதிரி வளைந்து கிடக்கும். எந்த இடத்தில் எவ்வளவு வளைவு, விளிம்பை எந்தக் கோணத்தில் சீவியிருக்கிறார்கள், ஆணி எங்கே விழுந்தது, எல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அதையே படி எடுத்துவிடாதே. பழைய மரம் சுருங்கியிருக்கும், முறுக்கியும் இருக்கும். மெல்லிய தகட்டுப் பலகையை அந்தத் திறப்பில் வைத்து இன்னொரு அளவு எடு. இரண்டும் எங்கே ஒத்துப்போகவில்லையோ அங்கே நிதானமாக யோசி.

மக்கியதா இல்லையா என்று சாயத்தை வைத்து முடிவு கட்டாதே. குத்தூசியால் லேசாகக் குத்தி நெம்பிப் பார். நல்ல மரம் நீளச் சிராயாகக் கிளம்பும். மக்கியது பொட்டென்று குட்டையாக உடையும். கொட்டாப்புளியால் (மரச் சுத்தியலால்) தட்டினாலும் நல்ல மரம் கணீரென்று பேசும், கெட்டது மொத்தென்று அடங்கிவிடும். கடல் தண்ணீரைவிட மழைத்தண்ணீர்தான் படகுக்குப் பெரிய எதிரி. உப்பு பூஞ்சையை ஓரளவு தடுக்கும், நல்ல தண்ணீர் அதை வளர்க்கும். மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் நின்றுவிட்டால் பூஞ்சைக்கு அது போதும். ஆகவே தண்ணீருக்குள் இருந்த அடிப்பலகையைவிட, மேல்தளத்து மூட்டுகளையும், காற்று புகாத அணிய மூலையையும் முதலில் சோதி.

இன்னொன்று. உங்கள் பட்டறை உள்ளே நல்ல உலர்ந்த காற்று என்று எழுதியிருந்தாய். நமக்கு அது சுகம், படகுக்கு அப்படி இல்லை. 1628இல் மூழ்கிய வாசா என்ற ஸ்வீடன் நாட்டுப் போர்க்கப்பலை 1961இல் மேலே எடுத்தபோது, காய்ந்தால் மரம் சுருங்கி வெடித்துவிடும் என்று பாலிஎத்திலின் கிளைக்கால் என்ற மெழுகு மாதிரியான பொருளின் கரைசலை 17 வருடம் தெளித்துக்கொண்டே இருந்தார்கள். (மரப்புழு அவ்வளவாக வாழாத உப்புக் குறைந்த கடலில் கிடந்ததால்தான் அத்தனை காலம் அது தப்பியது.) உன் படகுக்கு அவ்வளவெல்லாம் வேண்டாம். உள்ளே உப்புத் தண்ணீரில் நனைத்த சாக்கு விரித்து வை, அது போதும். பலகை இடுக்கு அகலமாகிவிட்டதே என்று பயந்துபோய்க் கெட்டியான பூச்சை வைத்து அடைத்துவிடாதே. மரம் நீளவாக்கில் அனேகமாக மாறாது, குறுக்குவாக்கில்தான் ஊதும். தண்ணீரில் இறக்கியதும் ஊதுவதற்கு இடம் இல்லையென்றால் அது வங்கைத் தள்ளிவிடும், ஆணியைப் பிடுங்கிவிடும். பலகை இடுக்கில் திணிக்கிற கலப்பத்துப் பஞ்சையும் அப்படித்தான், பலம் இருக்கிறது என்பதற்காக அறைந்து இறுக்கக்கூடாது.

சரி, நீ ஒரு வரியில் எழுதிவிட்டுப் போன விஷயத்துக்கு வருகிறேன். 'எல்லாரும் அவரவர் வேலையில் இருக்கிறார்கள், உதவி கேட்கக் கூச்சமாக இருக்கிறது' என்றாய். எனக்குப் பலகையைவிட அதுதான் கவலை. ஒரே நாளில் எல்லாவற்றையும் கழற்ற நினைத்ததும் அதனால்தானே? யாரையும் கேட்காமல் தனியாகச் செய்யக்கூடிய வேலை அது ஒன்றுதான்.

வங்கு வளைக்கும்போது என்ன செய்வாய்? ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மணி நேரம் என்று கணக்கு வைத்து ஆவியில் வேகவைக்கிறோம். பெட்டியைத் திறந்து வெளியே எடுத்தால் அரை நிமிடம்கூடக் கையில் இல்லை, அதற்குள் விறைத்துவிடும். ஒருவர் எடுத்து ஓடிவர வேண்டும், ஒருவர் ஏராப் பக்கம் மிதித்துப் பிடிக்க வேண்டும், ஒருவர் மேலே இழுத்து வளைக்க வேண்டும், ஒருவர் பிடிப்பான் போட வேண்டும். முதல் நாள் இரண்டு மூன்று உடையும், உடையட்டும். ஆனால் ஆள் இல்லாமல் ஒன்றுகூட வளையாது. இன்றைக்கு அவர்கள் வங்குக்கு நீ போய் நில், நாளைக்கு உன் வங்குக்கு அவர்கள் வந்து நிற்பார்கள். பட்டறையில் கணக்கு அப்படித்தான் ஓடும், யாரும் எழுதி வைப்பதில்லை.

பழைய சாயத்தில் ஈயம் இருக்கும். அதைக் காய்ந்தபடியே தேய்க்காதே. ஈரப்படுத்திச் சுரண்டு, அதற்குரிய முகமூடி போடு. அந்தத் தூசு உன் மூக்கோடு நிற்காது, பக்கத்துப் படகில் வேலை செய்கிறவரின் மூச்சிலும் போகும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீர் ஊற்றிய தகரடப்பாவில் போட்டு மூடிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.

உனக்கு ஏழெட்டு வயது இருக்கும்போது நீ என்னோடு பட்டறைக்கு வருவாய், ஞாபகம் இருக்கிறதா? தாமிர ஆணி அடிக்க இரண்டு பேர் வேண்டும். வெளியே ஆணித் தலையில் இரும்புக் கட்டியை அழுத்திப் பிடிக்க ஒருவர், உள்ளே ஆணி முனையில் வில்லையைக் கோத்து, நறுக்கி, தட்டி மடக்க ஒருவர். நீ வெளியே, நான் உள்ளே. உன் முகம் எனக்குத் தெரியாது. நான் இரண்டு தட்டுத் தட்டினால் அடுத்த ஆணி என்று உனக்குத் தெரியும். கட்டி உன் கையில் கனத்து நழுவினால் சத்தமே மாறிவிடும், நான் நிறுத்திவிடுவேன். கொஞ்ச நேரம் கழித்து நீயே ஒரு தட்டுத் தட்டுவாய், தயார் என்று.

நீ ஆணி அடிக்கிற கட்டத்துக்கு வரும்போது சொல், நான் வருகிறேன். இந்த முறை நீ உள்ளே இரு. கட்டியை நான் பிடித்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா