கவுன்சிலருக்கு நிக்கலாமான்னு கேட்டியே

அன்புத் தோழிக்கு,

உன் லெட்டர் படிச்சேன் டி, பையன் வேலைல சேர்ந்துட்டான்னு கேட்டு ரொம்ப சந்தோஷம். இங்க அம்மாவுக்கு முட்டிவலி அப்படியே தான் இருக்கு, உன்னையும் விசாரிச்சாங்க. மத்த சேதி எல்லாம் போன்ல பேசிக்கலாம். கடைசில ரெண்டு வரி எழுதியிருந்தியே, நாத்தனார் மகளை ஒன்றியக் கவுன்சிலருக்கு நிக்கச் சொல்றாங்க, இதெல்லாம் நம்மள மாதிரி குடும்பத்துக்கு ஒத்து வருமான்னு, அதுக்காகத் தான் இவ்ளோ பெருசா எழுத உக்காந்துட்டேன்.

நிக்கச் சொல்லு. நம்ம கரூர் எம்பி ஜோதிமணி எங்கிருந்து வந்தாங்கன்னு அந்தப் புள்ளைக்குத் தெரியுமான்னு கேளு. நம்ம வயசு தான் அவங்களுக்கும், 1975ல பொறந்தவங்க. அரவக்குறிச்சி பக்கம் பெரிய திருமங்கலம், சின்ன ஊரு. 1996ல உள்ளாட்சித் தேர்தல் வந்துச்சே, பத்து வருசமா எலெக்ஷனே இல்லாம கிடந்து, புதுசா பஞ்சாயத்து சட்டம் வந்து, மூணுல ஒரு பங்கு பொம்பளைங்களுக்குன்னு ஒதுக்கி நடந்த முதல் எலெக்ஷன். அப்பத் தான் க.பரமத்தி ஒன்றியத்துல கவுன்சிலரா ஜெயிச்சாங்க. வேட்பாளரா நிக்கவே 21 வயசு ஆகியிருக்கணும், அவங்களுக்கு அப்பத் தான் 21 முடிஞ்சிருந்துச்சு. நம்மள அப்ப டவுனுக்குத் தனியா அனுப்ப வீட்ல எவ்ளோ யோசிச்சாங்கன்னு நினைச்சுப் பாரு.

பரமத்தி எப்படிப்பட்ட ஊருன்னு உனக்குச் சொல்லணுமா, வருசா வருசம் தமிழ்நாட்டுல அதிக வெயில் எங்கன்னு டிவில போட்டா அந்தப் பேரு வரும், காஞ்ச காடு, கல் குவாரி, முருங்கை. அங்க கவுன்சிலர்னா முதல்ல தண்ணி தான். ஒரு வார்டுல சுமாரா 5 ஆயிரம் பேரு, டேங்க்ல தண்ணி ஏறலன்னா, ரோடு போடலன்னா பிடிஓ, அதான் வட்டார வளர்ச்சி அலுவலர், ஆபீசுக்கு யாராச்சும் போய் நின்னு பேசணும். அந்த வேலைல அவங்க 2006 வரைக்கும், ரெண்டு தடவை ஜெயிச்சு பத்து வருசம் இருந்தாங்க. எனக்கு இதுதான் பெருசாத் தெரியுது டி, எம்பி ஆனதை விட.

அதுக்கப்புறம் நடந்ததையும் சொல்லணும், வெறும் ஜெயிச்ச கதை மட்டும் சொன்னா அந்தப் புள்ளைய ஏமாத்தின மாதிரி ஆயிரும். காங்கிரஸ்ல இளைஞர் அணில பொறுப்பெல்லாம் பார்த்தாங்க, 2011ல கரூர் சட்டமன்றத்துக்கு நின்னு செந்தில் பாலாஜிகிட்ட தோத்தாங்க. 2014ல பார்லிமெண்டுக்கு நின்னாங்க, காங்கிரஸ் கூட்டணி இல்லாம தனியா நின்ன வருசம், 30 ஆயிரம் சொச்சம் ஓட்டு தான். ஜெயிச்ச அதிமுக தம்பிதுரை லோக்சபா துணை சபாநாயகர் ஆயிட்டாரு. 2019ல அதே தம்பிதுரைய 4 லட்சத்து 20 ஆயிரம் ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சாங்க பாரு! திமுக கூட்டணி அந்த வருசம் 39ல 38 சீட்டை அள்ளுச்சு, அந்த அலை இருந்துச்சு, இல்லன்னு சொல்லல. ஆனா 30 ஆயிரம் ஓட்டு வாங்கினப்புறமும் ஊர விட்டுப் போகாம அஞ்சு வருசம் இருந்தவங்களுக்குத் தான் அந்த அலை வந்தப்ப சீட்டு கிடைச்சுது. 2024லயும் 1 லட்சத்து 66 ஆயிரத்துக்கு மேல வித்தியாசம். 5 ஆயிரம் பேரு வார்டுலேர்ந்து வேடசந்தூர், மணப்பாறை, விராலிமலை வரைக்கும் ஆறு சட்டமன்றத் தொகுதி இருக்கற கரூர் எம்பி தொகுதிக்கு வந்துட்டாங்க.

2022 ஜூலைல விலைவாசி பத்தி சபைல அட்டை பிடிச்சு நின்னாங்கன்னு காங்கிரஸ் எம்பிங்க நாலு பேர சஸ்பெண்ட் பண்ணாங்க, ஞாபகம் இருக்கா? அதுல ரெண்டு பேரு பொம்பளைங்க, ஒண்ணு இவங்க, இன்னொண்ணு கேரளாவுல ஆலத்தூர் எம்பியா இருந்த ரம்யா ஹரிதாஸ். அந்தப் பொண்ணும் கோழிக்கோடு பக்கம் குன்னமங்கலத்துல பிளாக் பஞ்சாயத்து தலைவரா இருந்து தான் டெல்லி போச்சு. ஆனா 2024ல தோத்துருச்சு, அதையும் சொல்லிரு.

என் ஆதங்கம் என்னன்னா இப்படி ஏறி வந்தவங்க ரொம்பக் கம்மி. 2016லேர்ந்து உள்ளாட்சில நமக்குப் பாதி இடம், ஆனா 2024ல தமிழ்நாட்டுலேர்ந்து லோக்சபா போன பொம்பளைங்க 39ல 5 பேரு. கீழ பத்து வருசம் வேலை செஞ்சவங்கள எந்தக் கட்சியும் மேல கூப்பிடறது இல்ல, பல ஊர்ல தலைவர் பேரு ஒண்ணு, சேர்ல உக்கார்றது வீட்டுக்காரரு. லோக்சபா, சட்டசபைல பொம்பளைங்களுக்கு 33 சதவீதம்னு சட்டம் 2023ல நிறைவேறியும் சென்சஸ், தொகுதி மறுவரையறைன்னு அதோட கட்டிப் போட்டுட்டாங்க. எனக்குக் கோவமா வருது டி.

அதனால தான் சொல்றேன், நாத்தனார் மகள் நிக்கட்டும், ஆனா மீட்டிங்குக்கு அவளே போகணும், கையெழுத்து அவளே படிச்சுப் போடணும், மாப்பிள்ளை வெளிய உக்காரட்டும், இதை நீ தான் நேர்ல பேசணும். எலெக்ஷன் தேதி வந்ததும் சொல்லு, நான் வந்து வீடு வீடா ஓட்டு கேக்கறேன். அவ படிச்ச சர்டிபிகேட், வோட்டர் லிஸ்ட்ல பேரு எல்லாம் இப்பவே சரி பாத்து வைக்கச் சொல்லு.

அன்புடன்,
உன் தோழி