காலிங்பெல் அடிப்பது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டிவி, ரேடியோ விளம்பரங்களின் இரைச்சல் பற்றிச் சென்ற இதழில் வந்த கடிதத்தைப் படித்தேன். எல்லாவற்றையும் சரியாகச் சொல்லிக்கொண்டே வந்த வாசகர், கடைசியில் 'பிடிக்காவிட்டால் சத்தத்தைக் குறைத்துக்கொள்ள ரிமோட் இருக்கிறதே' என்று முடித்துவிட்டார். அந்த இடத்தில்தான் எனக்கு ஒத்துவரவில்லை.

நான் சிங்காநல்லூரில் வீட்டு முன்னறையிலேயே தையல் கடை வைத்திருக்கிறேன். காலையில் மெஷினில் உட்கார்ந்தால் இரவு எட்டு மணி வரை எஃப்எம் ஓடும். உள்ளறையில் என் மாமியார் டிவி பார்ப்பார். ஆக, ஒரு காதுக்கு ஒரு விளம்பரம். விளம்பரமே கூடாது என்று சொல்கிற ஆள் இல்லை நான். அவர்கள் கொடுக்கும் காசில்தான் நான் ஓசியில் பாட்டுக் கேட்கிறேன் என்பது தெரியும். அத்தைகூட பழைய சோப்பு விளம்பரப் பாட்டு ஒன்றைக் கீரை ஆயும்போது இன்றைக்கும் முணுமுணுப்பார்.

அத்தைக்கு 78 வயது. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. கட்டிலிலிருந்து எழுவதென்றால் முதலில் கைத்தடியைத் தேட வேண்டும். பிறகு கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒரு முறை முன்னால் சாய்வார், இன்னொரு முறை சாய்வார், மூன்றாவதில்தான் எழுந்து நிற்பார். ஒரு டீத்தூள் விளம்பரம். திடீரென்று விருந்தாளி வருகிறார், டிங் டாங் என்று காலிங்பெல் அடிக்கிறது. எங்கள் வீட்டு பெல்லும் அதே டிங் டாங்தான். "ஆரோ வந்திருக்காங்க பாரு கண்ணு" என்பார் அத்தை. மெஷின் சத்தத்தில் எனக்குக் கேட்டிருக்காது என்று நினைத்துத் தானே எழுந்து, வாசல் வரை வந்து, யாரும் இல்லாமல் திரும்புவார். ஒரு சீரியல் முடிவதற்குள் இது மூன்று தடவை நடந்த நாள் உண்டு. சத்தத்தைக் குறைத்து வைத்தால் இன்னும் மோசம். நிஜ பெல் தூரத்தில் கேட்பது போலவே இருக்கும்! ரிமோட்டால் ஆகாத காரியம் இது.

காலிங்பெல், போன் மணி, குழந்தை அழுகை, குக்கர் விசில், இதெல்லாம் வெறும் சத்தம் இல்லை, நம்மைக் கூப்பிடுகிற குரல். கேட்டால் உடம்பு தானாக எழும். அதைத் தெரிந்துகொண்டுதான் விளம்பரக்காரர்கள் அதையே எடுத்துக்கொள்கிறார்கள்.

வீட்டில் நடந்தால் முழங்கால் வலியோடு போகும். ரோட்டில்? என் கணவர் குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறார். போன ஆடி மாதம் மோட்டார் பம்ப் சாமான் ஏற்றிக்கொண்டு அவினாசி ரோட்டில் ஹோப்ஸ் பக்கம் வரும்போது, வண்டி ரேடியோவில் சைரன் அலறியிருக்கிறது. பெரிய பெரிய ஆஸ்பத்திரிகள் இருக்கிற ரோடு அது, ஆம்புலன்ஸ் போய்க்கொண்டேதான் இருக்கும். இவர் பதறி இடது பக்கம் ஒடித்தார். ஓரத்தில் ஸ்கூட்டரில் ஒரு பெண், பின்னால் சின்னப் பையன். இரண்டு விரற்கடை இடைவெளியில் தப்பித்தார்கள். அந்தப் பெண் திட்டிய திட்டைக் கேட்டுக்கொண்டு இவர் நின்றபோது ரேடியோவில், "எச்சரிக்கை! எச்சரிக்கை! தள்ளுபடி இன்னும் மூன்றே நாள்!" சோபா, கட்டில் விற்கிற கடை. அன்று இரவு இவர் சரியாகச் சாப்பிடவில்லை.

"நாங்க மியூசிக் ஹாரன் வெச்சா ஃபைன் போடறாங்க, சைரன் ஆம்புலன்ஸ், தீயணைப்பு, போலீஸ் மாதிரி வண்டிக்குத்தான்னு சட்டம் பேசறாங்க. சோபா விக்கறவனுக்கு மட்டும் ஆரு அனுமதி குடுத்தது?" என்று கேட்டார். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் என் மகள் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு தேடினாள்.

அனுமதியே கிடையாது என்பதுதான் விடை. ஆகாசவாணிக்கும் தூர்தர்ஷனுக்கும் விளம்பர விதித்தொகுப்பு இருக்கிறது. கேட்பவர்களைத் திடுக்கிட வைக்கும் ஒலிகள் விளம்பரத்தில் இருக்கக் கூடாது என்று அதில் எழுதி, உதாரணமும் வரிசையாகக் கொடுத்திருக்கிறார்கள்: துப்பாக்கி வேட்டு, சைரன், குண்டு வீச்சு, அலறல், காது கிழியும் சிரிப்பு, இவை போன்றவை. தனியார் எஃப்எம் நிலையங்களும் ஆகாசவாணியின் விளம்பர விதிகளையே பின்பற்ற வேண்டும் என்பது அவற்றுக்குத் தரப்பட்ட அனுமதியின் நிபந்தனை. காது கிழியும் சிரிப்பு என்ற இடத்துக்கு வந்ததும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஊரில் ஓடும் விளம்பரங்களில் பாதி அதில் அடிபட்டுப்போகும். பிரிட்டனில், வண்டி ஓட்டிக்கொண்டே கேட்பவர்களுக்கு ஆபத்து உண்டாக்கக்கூடிய ஒலிகள் ரேடியோ விளம்பரத்தில் வரக் கூடாது என்று தனியாகவே ஒரு விதி வைத்திருக்கிறார்களாம்.

வாசகர் எழுதிய இரைச்சலுக்கும் இங்கே விதி உண்டு. கேபிள் டிவி விதிகள், 1994-இல் ஏழாவது விதி, விளம்பரத்தின் ஒலி அளவுக்கு மீறி உரக்க இருக்கக் கூடாது என்கிறது. எது அளவு என்று மட்டும் அது சொல்லவில்லை. சீரியலில் கிசுகிசுப்பும் உண்டு, கத்தலும் உண்டு. விளம்பரத்தில் மெல்லிய இடங்களையெல்லாம் தூக்கிவிட்டு, எல்லாவற்றையும் கத்தலின் உயரத்துக்கே கொண்டுவந்து வைக்கிறார்கள். உச்சத்தை அளந்தால் இரண்டும் ஒன்றுதான், காதுக்கு மட்டும் விளம்பரம் ஓங்கி அறைகிறது. அதனால்தான் அமெரிக்காவில் 2010-இல் ஒரு சட்டம் போட்டு, விளம்பரத்தின் சராசரி ஒலி நிகழ்ச்சியின் ஒலியைத் தாண்டக் கூடாது என்றார்கள். 2012 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. சரி, அது அவர்கள் ஊர்.

பேச்சைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மும்பையில் இந்தியில் எடுத்து, தமிழில் குரலை மட்டும் மாற்றி அனுப்புகிறார்கள். 'இப்போது கிடைக்கும் உங்களுக்கு வெண்மை பற்களில்' என்கிற மாதிரித் தமிழ். வினைச்சொல் வாக்கியத்தின் நடுவில் வந்து நிற்கும், ஏனென்றால் அந்த நடிகையின் வாய் அங்கேதான் மூடுகிறது. 'ழ' வருகிற இடத்தில் என்ன வருமோ அன்றன்றைக்கு அதிர்ஷ்டம். என்னிடம் தைக்கப் பழகும் பெண் இதையெல்லாம் அப்படியே பேசிக் காட்டுவாள். மியூச்சுவல் ஃபண்ட் எச்சரிக்கையை அவள் மூச்சு விடாமல் சொன்னால் கடைக்கு வருகிறவர்கள் கைதட்டுவார்கள். யோசித்தால் அது கைதட்டுகிற விஷயமா? பணம் போகலாம் என்று சொல்கிற ஒரே வரி அதுதான். தெளிவாகக் கேட்க வேண்டும் என்று, பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பு சொன்னபோது, 14 சொற்களுக்குக் குறைந்தது 5 நொடி என்று உதாரணம் காட்டியது. ஆங்கிலத்தில் அது 14 சொல். 'அபாயங்களுக்கு உட்பட்டவை' என்பதைத் தமிழில் உருப்படியாகச் சொல்லவே இரண்டு நொடி வேண்டும். அதே நேரத்துக்குள் முழு வரியையும் திணித்தால், கேட்பது தமிழா, சோழி குலுக்குகிற சத்தமா என்று தெரியவில்லை.

போன வாரம் செவ்வாய்க்கிழமை நான் ஊசி, நூல் வாங்க டவுன்ஹால் போயிருந்தேன். வீட்டில் அத்தை மட்டும். சாயங்காலம் திரும்பி வந்தால் பக்கத்து வீட்டுக்காரர், சிலிண்டர்காரர் வந்து இரண்டு தடவை பெல் அடித்துவிட்டுப் போய்விட்டார் என்றார். "கேட்டுச்சு கண்ணு. அந்த டீத்தூள்காரன்னு நெனச்சுட்டேன்" என்றார் அத்தை.

அந்த வாரம் விறகு அடுப்பில்தான் சமையல்.

சைரன் போடும் நிலையங்கள் தங்கள் அனுமதிப் பத்திரத்தை ஒரு தடவை எடுத்துப் படித்தால் போதும். அந்தப் பட்டியலில் 'இவை போன்றவை' என்று இருக்கிற இடத்தில் காலிங்பெல்லையும் போன் மணியையும் எழுதிச் சேர்க்கும்படி தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கு மகள் ஒரு மனு எழுதியிருக்கிறாள். இந்தக் கடிதத்தை வெளியிட்டால் இதன் நகலையும் மனுவோடு சேர்த்து அனுப்புவோம்.

தங்கள் வாசகி,
சிங்காநல்லூர், கோவை