வயிற்றுப்போக்கு: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். போன மாதம் மூன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி நான்கு நாள் பள்ளிக்கு வரவில்லை. ஐந்தாம் நாள் வந்தவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். "தம்பிக்கு வயித்தால போச்சு டீச்சர். அம்மா வேலைக்குப் போயிட்டாங்க, நான்தான் பார்த்துக்கிட்டேன்" என்றாள். தம்பிக்கு ஒன்றரை வயது, இவளுக்கு எட்டு. சோப்பு போட்டுத் துணி அலசி அலசி அவள் விரலிடுக்கெல்லாம் தோல் உரிந்திருந்தது. அந்தக் கையைப் பார்த்த பிறகு, வருகைப் பதிவேட்டில் 'ஆப்சென்ட்' என்று மட்டும் குறித்துவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

இந்த நோயைப் பற்றிப் பேசும்போதெல்லாம் "கையைக் கழுவுங்கள், சுத்தமாக இருங்கள்" என்று சொல்லி முடித்துவிடுவோம். நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லி வந்தேன். சோப்பு போட்டுக் கை கழுவினால் வயிற்றுப்போக்கு சுமார் 30 சதவீதம் குறைகிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் கழுவத் தண்ணீர் வேண்டுமே. தண்ணீர் தூரத்திலிருந்து வரும் வீட்டில் முதலில் குடிக்க, பிறகு சமைக்க, மிச்சம் இருந்தால்தான் கழுவ. அந்த வீட்டுக் குழந்தைக்கு நோய் வந்தால் தாயைக் குறை சொல்வது நியாயமில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுதோறும் 5 வயதுக்கு உட்பட்ட 4 லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகள் வயிற்றுப்போக்கால் இறக்கிறார்கள். அதில் பெரும்பாலோர் ஏழை வீட்டுக் குழந்தைகள். கிருமி எல்லோருக்கும் ஒன்றுதான். எந்த வீட்டில் அது தங்குகிறது, எந்தக் குழந்தையைச் சாய்க்கிறது என்பது அந்த வீட்டின் தண்ணீர், கழிப்பறை, இடவசதி, அம்மாவின் நேரம், அன்றைய கூலி இவற்றைப் பொறுத்தே இருக்கிறது.

தண்ணீரில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. குழாயில் சுத்தமாகப் பிடித்த தண்ணீர் வீட்டுக்குள் வந்த பிறகுதான் பல சமயம் கெடுகிறது. குடத்தில் டம்ளரை விட்டு மொள்ளும்போது டம்ளரோடு விரலும் உள்ளே போகும். பெரியவர் கை, விளையாடி வந்த பிள்ளையின் கை, எல்லாம் அதே குடத்தில். மூடி போட்டு வையுங்கள். நீளமான கைப்பிடி உள்ள கரண்டியால் மொள்ளுங்கள், அல்லது குழாய் வைத்த பாத்திரம் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். காசு செலவாகாத விஷயங்களில் இதைத்தான் முதலில் சொல்வேன்.

பல குடும்பங்கள் ஒரே கழிப்பறையைப் பகிரும் இடத்தில் அதைக் கழுவுவது யார் பொறுப்பு என்பதே தெரியாது. சின்னப் பிள்ளைகள் உள்ளே போகப் பயந்து வெளியே உட்காருவார்கள். "பால் குடிக்கிற பிள்ளை மலம்தானே" என்று ஓரமாகத் தள்ளிவிடுகிறோம். ஆனால் அதிலும் நோய்க்கிருமி உண்டு. அதையும் கழிப்பறையில்தான் போட வேண்டும். பத்துப் பேர் ஒரே அறையில் இருந்தால், தவழும் குழந்தை தொடுகிற தரையெல்லாம் யாராவது செருப்போடு மிதித்த தரைதான்.

அப்புறம் வேலை. பிரசவம் ஆன சில வாரத்திலேயே வேலைக்குத் திரும்ப வேண்டிய தாய்க்கு, முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும் கொடு என்று யாரும் சுலபமாகச் சொல்லிவிடலாம். அவரால் எப்படி முடியும்? புட்டிப்பால் வந்துவிடுகிறது. புட்டியின் ரப்பர் காம்புக்குள் பால் ஒட்டிக்கொண்டால் கழுவுவது கடினம். அதற்குப் பதில் கிண்ணமும் கரண்டியும் எவ்வளவோ மேல். காலையில் சமைத்து வைத்ததைச் சூடு பண்ணாமல் சாயங்காலம் ஊட்டும்போதும் இதே கதைதான், அதற்குள் கிருமி பெருகிவிடுகிறது. எரிபொருளை மிச்சம் பிடிக்கிற வீட்டில் இது நடப்பது எனக்குப் புரிகிறது. குழந்தைக்கு வேண்டிய அளவையாவது எடுத்து, நன்றாகக் கொதிக்க வைத்துக் கொடுங்கள்.

இளைத்த குழந்தைக்கு வயிற்றுப்போக்கு சீக்கிரம் வரும், வந்தால் இன்னும் இளைக்கும், மறுபடி வரும். அதனால் "வயிறு ஆறட்டும்" என்று பட்டினி போடாதீர்கள். தாய்ப்பாலையும் வழக்கமான உணவையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தொடருங்கள். "பல் முளைக்குது, அதான் போகுது" என்று காத்திருக்கவும் வேண்டாம். ஒரு நாளில் மூன்று முறையோ அதற்கு மேலோ தண்ணீராகப் போனால் உடனே ஓ.ஆர்.எஸ். என்கிற உப்பு-சர்க்கரைக் கரைசலைக் கொடுக்கத் தொடங்குங்கள். 1971இல் வங்கதேசப் போர் அகதிகள் முகாமில் காலரா பரவி, ரத்தக்குழாயில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோனபோது, மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். 30 சதவீதம் வரை போன இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அங்கே அதைப் பிள்ளைகளுக்கு ஊட்டியவர்களில் பலர் உங்களைப் போன்ற வீட்டு ஆட்கள்தான்.

ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இல்லையென்றால் 1 லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டி 6 டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கலந்து கொடுக்கலாம். உப்பு கூடினால் ஆபத்து, அளவை மாற்ற வேண்டாம். துத்தநாக (ஜிங்க்) மாத்திரையை மருத்துவர் சொல்படி 10 முதல் 14 நாள் வரை, போக்கு நின்ற பிறகும் கொடுத்து முடியுங்கள். கண் குழிந்தால், கிள்ளிய தோல் மெதுவாகத் திரும்பினால், மலத்தில் ரத்தம் இருந்தால், குழந்தை குடிக்கவே முடியாமல் சோர்ந்து கிடந்தால் வீட்டில் வைத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். கைக்குழந்தை உள்ளவர்கள் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸுக்கான தடுப்பு மருந்தின் முதல் தவணையை 6 வாரத்தில் கேட்டு வாங்குங்கள்.

சரி, பள்ளி என்ன செய்யப் போகிறது? ஒரு நாளும் விடுப்பு எடுக்காத மாணவருக்குக் கொடுத்து வந்த பரிசை நிறுத்திவிட்டேன். அந்தப் பரிசுக்காக நோயோடு வந்த பிள்ளைகளை நானே பார்த்திருக்கிறேன். வயிற்றுப்போக்குக்காக எடுக்கும் விடுப்புக்கு மருத்துவச் சான்றிதழ் கேட்க மாட்டோம். ஒரு காகிதத்துக்காக நீங்கள் ஒரு நாள் கூலியை விட வேண்டாம். போக்கு நின்று 2 நாள் கழித்து அனுப்பினால் போதும். கழிப்பறைக்கு வெளியே இருக்கும் குழாயடியில் சோப்பு எப்போதும் இருக்கும். தீர்ந்திருந்தால் என்னிடமே சொல்லும்படி பிள்ளைகளிடம் கூறியிருக்கிறேன்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளப் பெண் பிள்ளையை வீட்டில் நிறுத்தாதீர்கள். அதிகம் படித்த தாயின் குழந்தைகளுக்கு இந்த நோய் குறைவு என்பது பல நாடுகளில் கண்ட உண்மை. இன்று நீங்கள் நிறுத்துகிற பெண்தான் நாளைக்கு ஒரு குழந்தைக்குத் தாய். வேறு ஆள் இல்லை என்றால் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அருகில் பார்த்துக்கொள்ளக்கூடிய வேறு பெற்றோரோடு உங்களைச் சேர்த்துவிட முயல்கிறேன். வேலை முடிந்து எத்தனை மணிக்கு வந்தாலும் என்னைப் பார்க்கலாம். ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களை என் அறையில் மேசை ஓரமாக வைத்திருக்கிறேன். பிள்ளையிடம் ஒரு சீட்டில் "வேண்டும்" என்று எழுதி அனுப்பினாலே போதும், காரணம் எழுத வேண்டாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்